அணையைப் பராமரிப்பதும் அவர்களே, சோதிப்பதும் அவர்களே: இது சரியா?

தென்பெண்ணைக்காரன் (இராமமூர்த்தி நகர்)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடப்பதை இங்கே கொட்டிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

எனக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே. பெங்களூரு வந்து பதினாறு வருடம் ஆகிறது. இங்கே நாம் விடும் கழிவு பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்கி, அப்புறம் எங்கள் கிருஷ்ணகிரி அணை, அதற்கும் கீழே சாத்தனூர் என்று போகிறது. அதனால் இந்த ஊரில் ராத்திரி மழை வலுத்தால் நான் முதலில் அம்மாவுக்குத்தான் போன் போடுவேன்.

2017 நவம்பர் கடைசியில் கிருஷ்ணகிரி அணையின் முதல் மதகு ஷட்டர் உடைந்தது. 2022 செப்டம்பர் 21 அன்று பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் நடுவில் இருந்தது பிய்த்துக்கொண்டு போய், விநாடிக்கு 20,000 கன அடி அளவுக்குச் சாலக்குடி ஆற்றில் பாய்ந்தது. 2024 ஆகஸ்ட் 10 ராத்திரி துங்கபத்ராவின் 19-ஆவது மதகு சங்கிலி அறுந்து அடித்துச் செல்லப்பட்டது. மூன்றிலும் கட்டுமானம் அசையவில்லை, இரும்புதான் போயிற்று. சங்கிலி, எதிர் எடை, ஷட்டர் தகடு. இதெல்லாம் ஒரே ராத்திரியில் கெட்டுப்போகிற சாமான்களா? வருடக்கணக்கில் துருப்பிடித்திருக்க வேண்டும், தேய்ந்திருக்க வேண்டும். அதை யாரோ ஒருவர் வருடத்துக்கு இரண்டு முறை பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கவும் வேண்டும்.

அந்த யாரோ ஒருவர் யார் என்று தேடப் போய்த்தான் அணைப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்தேன். 2021 டிசம்பர் 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள எல்லா அணைகளும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சில நிபந்தனைகளுக்குள் வருபவையும் இதில் அடக்கம். தேசிய அளவில் ஒரு குழு, ஓர் ஆணையம். மாநிலத்திலும் ஒரு குழு, ஓர் அணைப் பாதுகாப்பு அமைப்பு. நாள்தோறும் கண்காணிக்கிற பொறுப்பு மாநில அமைப்புக்குத்தான். சரி, மாநிலக் குழுவுக்குத் தலைவர் யார்? அணைப் பாதுகாப்பைக் கவனிக்கும் துறையின் முதன்மைத் தலைமைப் பொறியாளர். மாநில அமைப்பு யாரிடம் பதில் சொல்கிறது? அதே துறையின் தொழில்நுட்பத் தலைவரிடம். பெரும்பாலான மாநிலங்களில் அணைகள் யாருடையவை? அதே துறையுடையவை.

எனக்குப் புரிந்தது தப்பாக இருந்தால் திருத்துங்கள். அணையின் சொந்தக்காரரும் அதைச் சோதிப்பவரும் ஒரே வீட்டுக்காரராக இருந்தால் அந்தச் சோதனைக்கு என்ன மதிப்பு?

கே.ஆர்.புரம் ரவி

படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. எங்கள் அக்கா குடும்பம் ஊத்தங்கரைப் பக்கம் இருக்கிறது. தொடருங்கள்.

மேட்டூர் மைந்தன் (ஜாலஹள்ளி)

நண்பரே, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் இந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று யோசித்தீர்களா? தண்ணீர் மாநிலப் பட்டியலில் 17-ஆவது இனம். டெல்லி இந்தச் சட்டத்தை மசோதாவாகக் கொண்டுவந்தபோதே தமிழ்நாடு எதிர்த்தது, 2018-இல் சட்டமன்றத்தில் தீர்மானமே போட்டார்கள். காரணம் உங்களுக்கும் தெரியும். முல்லைப் பெரியாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் நான்கும் கேரள மண்ணில் இருக்கின்றன, நாம் பராமரிக்கிறோம். இந்தச் சட்டப்படி அவற்றுக்கு மாநில அமைப்பின் வேலையைத் தேசிய ஆணையமே செய்யும். "மாநிலத்தின் கண்ணில் நம்பிக்கை இல்லை" என்று நாமே எழுதிக் கொடுத்தால் மற்ற அணைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

எங்கள் மேட்டூர் 1934-இல் முடிந்த அணை. பதினாறு கண் மதகுப் பக்கம் போய்ப் பாருங்கள், தொண்ணூறு வருடமாக நிற்கிறது. அதைக் காப்பாற்றியவர்கள் நம் துறை ஆட்கள்தான், வெளியிலிருந்து வந்த சோதனை அதிகாரி யாரும் இல்லை. அணையோடு புழங்காதவனுக்கு அணையின் நோய் தெரியாது. மதகுக்குக் கிரீஸ் போடுகிற லஸ்கருக்கு, அதாவது அணையிலேயே கிடக்கும் கடைநிலை ஊழியருக்குத் தெரிந்தது கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியுமா?

அல்சூர் வக்கீல்

சட்டப் பகுதியை மட்டும் தெளிவாக்குகிறேன், இரண்டு பேருமே கவனிக்க வேண்டியது இருக்கிறது.

தென்பெண்ணைக்காரன் சொன்னது சரி, மாநிலக் குழுவின் தலைவர் துறையின் உச்சப் பொறியாளரேதான். ஆனால் அந்தக் குழுவில் அவர் மட்டும் இல்லை. நீரியல், அணை வடிவமைப்பு நிபுணர்கள் உண்டு, மத்திய நீர் ஆணையத்தின் பிரதிநிதி உண்டு. இன்னொன்றும் இருக்கிறது, பெங்களூருத் தமிழர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது: ஒரு மாநிலத்தின் அணையிலிருந்து திறக்கும் வெள்ளநீர் பக்கத்து மாநிலத்துக்குப் போனால், அந்தக் கீழ்மாநிலத்தின் தலைமைப் பொறியாளர் நிலைக்குக் குறையாத ஒருவரும் அந்தக் குழுவில் உட்கார வேண்டும். கே.ஆர்.எஸ், கபினி இரண்டையும் திறந்தால் தண்ணீர் எங்கே போகிறது? ஆக, கர்நாடகத்தின் குழுவில் தமிழ்நாட்டுக்கு ஓர் இருக்கை உண்டு. காவிரி என்றாலே பங்கீட்டைப் பற்றி மட்டும்தான் நாம் சண்டை போடுகிறோம். இந்த இருக்கையில் யார் உட்கார்ந்திருக்கிறார், என்ன கேட்டார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

அடுத்தது, சட்டத்தில் பல்லும் இருக்கிறது, அந்தப் பல்லுக்குப் பூட்டும் இருக்கிறது. உத்தரவை மதிக்காவிட்டால் ஓராண்டு வரை சிறை, உயிர்ச்சேதம் ஏற்பட்டால் இரண்டாண்டு வரை. ஆனால் அரசோ, இந்த அமைப்புகள் அதிகாரம் கொடுத்த ஒருவரோ புகார் செய்தால்தான் நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்கும். அணைக்குக் கீழே குடியிருக்கும் உங்கள் அம்மா நேராகப் போய்ப் புகார் கொடுக்க முடியாது.

மேட்டூர்க்காரருக்கு ஒரு வார்த்தை. மாநில உரிமை வேறு, மாநிலத்துக்குள்ளேயே துறைக்கு வெளியே ஒரு தனிச் சோதனை அமைப்பை வைப்பது வேறு. டெல்லியைக் கூப்பிடாமலே இரண்டாவதைச் செய்யலாம். கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் கே.ஆர்.எஸ். அணையைச் சுற்றி 20 கி.மீ. தூரத்துக்குக் கல் உடைக்கவும் வெடி வைக்கவும் தடை போட்டது, இந்தச் சட்டத்தின்படி ஆய்வு முடியும் வரை. அணையில் அதிர்வு விழுகிறது என்று அதற்குப் பல வருடம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். துறையும் மாநில நிர்வாகமும் முடித்திருக்க வேண்டியதை நீதிமன்றம் வந்து செய்ய வேண்டியிருந்தது.

பழைய மதகு (மகள் வீடு, எச்.எஸ்.ஆர். லேஅவுட்)

தம்பிகளா, நான் பொதுப்பணித்துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவன். இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அணையின் பெயரைக் கேட்காதீர்கள்.

மழைக்கு முன்னால் ஓர் ஆய்வு, மழைக்குப் பின்னால் ஓர் ஆய்வு, எங்கள் காலத்திலும் இருந்தது. அச்சடித்த படிவம் வரும். ஒவ்வொரு மதகுக்கும் ஒரு வரி, கடைசிக் கட்டத்தில் "நிலை" என்று போட்டிருக்கும். சேர்ந்த இரண்டாவது வருடம் நான் ஒரு மதகின் கம்பி வடத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். கிரீஸை வழித்தால் உள்ளே இழைகள் அறுந்து கம்பளிப் புழு மாதிரி மயிர் சிலிர்த்து நிற்கிறது, கைத்துணியில் மாட்டிக் கிழிக்கிறது. அப்படியே படிவத்தில் எழுதினேன். மேலதிகாரி கூப்பிட்டார். நல்ல மனிதர், கை சுத்தம். அவர் சொன்னதை இன்றும் மறக்கவில்லை. "நீ எழுதினால் நான் மதிப்பீடு போட்டுப் பணம் கேட்க வேண்டும். கேட்டால் இந்த வருடம் வராது. வராமல் நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், தெரிந்தும் சும்மா இருந்தான் என்று என்னையும் உன்னையும்தான் பிடிப்பார்கள். எழுதாமல் இருந்தால் இயற்கைச் சீற்றம்." கூடவே ஷட்டரை ஏற்றி இறக்கிப் பார்க்கவும் வழியில்லை, அணையில் தண்ணீர் இருந்தது, ஓர் அடி தூக்கினாலும் பாசனக்காரர்கள் திரண்டு வந்துவிடுவார்கள். கடைசியில் "திருப்திகரம்" என்று மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்துதான். அந்த வடம் அறுபடவில்லை, நாலு வருடம் கழித்து மாற்றினார்கள். அந்த நாலு மழைக்காலமும் நான் சரியாகத் தூங்கவில்லை.

மேட்டூர்த் தம்பி சொல்வது உண்மை, அணையோடு புழங்கியவனுக்குத்தான் நோய் தெரியும். எங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்ததை எழுத முடியாத இடத்தில் எங்களை உட்கார வைத்திருந்தார்கள். குறையை எழுதுகிறவனே அதற்குப் பணமும் தேட வேண்டும், பழியும் சுமக்க வேண்டும் என்றால் எவன் எழுதுவான்? இப்போது சட்டம் வந்திருக்கிறது, படிவம் கணினிக்குள் போயிருக்கிறது. எழுதுகிறவன் உட்கார்ந்திருக்கும் நாற்காலி மாறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

டி.பி.டேம் பேத்தி (மல்லேஸ்வரம்)

ஐயா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

துங்கபத்ரா அணை கட்டும்போது எங்கள் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கல் வேலைக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். சித்தி இன்னும் ஹொசப்பேட்டையில்தான் இருக்கிறார். 2024 ஆகஸ்டில் அந்த மதகு போன ராத்திரி பன்னிரண்டு மணி வாக்கில் எனக்குப் போன். "அணை உடைந்துவிட்டதாம், மாடிக்குப் போகிறோம்" என்றார். அணை உடையவில்லை, ஒரு மதகுதான் என்பது எங்களுக்கு விடிந்த பிறகுதான் தெரிந்தது. ஆறேழு மணி நேரம் ஓர் ஊரே எது உண்மை என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தது. போன ஒரு மதகு வழியாக மட்டும் 35,000 கன அடி அளவுக்குப் போகிறது, மேலே அழுத்தம் குறைய வேண்டுமென்று மற்ற மதகுகளையும் திறந்து ஒரு லட்சம் கன அடி வரை விட்டார்கள். அணை அப்போது ஏறக்குறைய நிரம்பி, 105 டி.எம்.சி. பக்கம் இருந்தது.

அங்கே மாற்று ஏற்பாடு கிடையாது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 33 மதகு, ஒவ்வொன்றும் 60 அடி அகலம், 20 அடி உயரம், 1950-களில் வைத்தது. ஒன்று போனால் அந்த இடத்தில் இறக்க ஸ்டாப் லாக், அதாவது மதகுக்கு முன்னால் தண்ணீரைத் தற்காலிகமாக அடைக்கும் தகடு, தயாராக இல்லை. அவசர அவசரமாகத் தகடு வெட்டி, துண்டு துண்டாகச் செய்து, ஓடுகிற தண்ணீருக்குள்ளேயே மூத்த மதகு நிபுணர் கன்னையா நாயுடு குழுவினர் இறக்கினார்கள். அந்த வயதில் அவர் அங்கே நின்றதைப் பார்த்து ஊரே கும்பிட்டது. ஒரு வாரத்துக்குள் அடைத்துவிட்டார்கள். அதற்குள் போன தண்ணீர் போனதுதான். அதோடு முடிந்ததா? மீதி மதகுகளைச் சோதித்துப் பார்த்தால் அவையும் பலவீனம், 2025-இல் 80 டி.எம்.சி.க்கு மேல் தேக்க வேண்டாம் என்று முடிவு. ஒரு சங்கிலி அறுந்த பிறகுதான் மற்ற 32-இன் நிலைமை வெளியே வந்தது. அதற்கு முந்தைய வருட ஆய்வுகளில் என்ன எழுதியிருந்தார்கள்? ஐயா சொன்ன அந்த ஒற்றை வார்த்தையாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.

பீன்யா செல்வம்

நான் பீன்யாவில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். சின்னச் சின்ன மதகு வேலை, ஏரி ஷட்டர் வேலை செய்திருக்கிறோம். பெரிய அணைக்கு இல்லை.

என் பட்டறைக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஒரு பாய்லர் இருக்கிறது. வருடா வருடம் பாய்லர் இன்ஸ்பெக்டர் வருவார். அவர் முதலாளியின் ஆள் கிடையாது, அரசாங்கத்தில் தனித் துறை. பாய்லரை அணைத்து, திறந்து, உள்ளே தலையை விட்டுப் பார்ப்பார். அவர் சான்றிதழ் தராவிட்டால் அடுப்பைப் பற்ற வைக்க முடியாது. உற்பத்தி நின்றால் நஷ்டம் என்று முதலாளி எவ்வளவு கெஞ்சினாலும் நடக்காது. இருபது பேர் வேலை செய்கிற இடத்துக்கே இந்தக் கட்டுப்பாடு. கீழே நாலு மாவட்டம் இருக்கிற அணைக்கு இல்லையா?

இரும்பு விஷயம் ஒன்று சொல்கிறேன். மதகு கெடுவது பெரும்பாலும் வெளியே தெரிகிற தகட்டில் இருக்காது. தண்ணீர் மட்டம் ஏறி இறங்குகிற கோட்டில், ரப்பர் சீலுக்குப் பின்னால், சக்கரத்தின் அச்சில், வெல்டிங் ஓரத்தில் இருக்கும். மேலே நடைபாலத்தில் நின்று எட்டிப் பார்த்தால் புது பெயிண்ட்தான் தெரியும். சுத்தியால் தட்டிச் சத்தம் கேட்க வேண்டும், தகட்டின் தடிமனைக் கருவி வைத்து அளக்க வேண்டும். அதற்கு ஷட்டர் காய்ந்திருக்க வேண்டும், அதற்கு முன்னால் ஸ்டாப் லாக் இறக்கியிருக்க வேண்டும். ஸ்டாப் லாக் இல்லாத அணையில், தண்ணீர் நிற்கிற காலத்தில், மதகுச் சோதனை என்று காகிதத்தில் எழுதியிருந்தால் நான் நம்ப மாட்டேன்.

தென்பெண்ணைக்காரன்

மதகு ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இவ்வளவையும் இங்கே வந்து சொல்ல எவ்வளவு மனது வேண்டும்.

செல்வம் அண்ணன் பாய்லரைச் சொன்னார், ரயில்வேயும் அப்படித்தான். ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் கிடையாது, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். நம்ம மெட்ரோவில் ஒரு புது வழித்தடம் திறக்க வேண்டுமென்றாலும் அவர் வந்து பார்த்து அனுமதி கொடுத்தால்தான் உண்டு. ஓட்டுகிறவன் கையில் சோதனையைக் கொடுக்கக் கூடாது என்று அங்கே எப்போதோ புரிந்திருக்கிறது. அணைக்கும் அதைத்தான் கேட்கிறேன்: மாநில அரசுக்குள்ளேயே இருக்கட்டும், ஆனால் நீர்வளத்துறைக்கு வெளியே, தலைமைச் செயலாளருக்கோ வேறு துறைக்கோ நேராகப் பதில் சொல்கிற மாதிரி. ஆய்வு செய்யும் பொறியாளர் மூன்று வருடம் கழித்து அதே அணையின் கண்காணிப்புப் பொறியாளராகப் போகப் போகிறவராக இருக்கக் கூடாது.

2019 ஜூலையில் மகாராஷ்டிரத்தில் ரத்னகிரி மாவட்டம் திவாரே அணை உடைந்து ஒரு குடியிருப்பே போனது. கசிகிறது என்று ஊர்க்காரர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். உடைந்த பிறகு அமைச்சர் ஒருவர் நண்டு துளைத்ததுதான் காரணம் என்றார். கசிவை யார் அளந்தார், எந்தத் தேதியில், எவ்வளவு என்று ஒரு தனி ஆளின் ஏடு இருந்திருந்தால் அப்படி ஒரு பதிலைச் சொல்லவே வாய் வந்திருக்காது.

பழைய மதகு

கசிவு என்றதும் ஒன்று. மண் கரை எதுவானாலும் கசியும், அது தப்பில்லை. வெளிக்கரை அடியில் வி வடிவத்தில் வெட்டின தகடு வைத்து அளப்போம், நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று. தெளிவாக வந்தால் பயமில்லை. கலங்கலாக வந்தால் கரைக்குள்ளிருந்து மண் கிளம்புகிறது என்று பொருள், அன்றைக்கு ராத்திரி யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. எங்கள் லஸ்கர் ஒருவர் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெயிலில் காட்டிப் பார்ப்பார். இப்போது பல அணைகளில் அந்த லஸ்கர் இடமே காலி. தனி அமைப்பு வைத்தாலும் அந்தக் குவளையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மேட்டூர் மைந்தன்

மதகு ஐயா எழுதியதற்குப் பிறகு என் முதல் பதிவை அப்படியே பிடித்துக்கொண்டிருக்க எனக்கு மனது வரவில்லை. துறை ஆட்கள் நல்லவர்கள் என்பதை இன்னும் நம்புகிறேன். அவர்களை உண்மை எழுத விடாத ஏற்பாட்டுக்கு நான் வக்காலத்து வாங்கத் தேவையில்லை. மாநிலத்துக்குள் தனி அமைப்பு என்றால் எனக்குச் சம்மதம், டெல்லி கையில் கொடுப்பதற்கு இன்றைக்கும் இல்லை.

ஆனால் ஒன்று விட்டுப் போகிறது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் ராத்திரியில் சரிந்தன. அது பதினைந்து மீட்டர் அணை இல்லை, பழைய கதவணை. தனி அமைப்பு வந்து பெரிய அணைகளை மட்டும் பார்த்தால் இந்த மாதிரி இடங்களை யார் பார்ப்பது? அப்புறம் எச்சரிக்கை. 2024 டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூரிலிருந்து 1.7 லட்சம் கன அடி வாக்கில் விட்டார்கள். ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு, எங்களுக்கு வந்து சேரவில்லை என்றார்கள் கரையோர மக்கள். இரண்டு பேரும் உண்மையே சொல்லியிருக்கலாம். எச்சரிக்கை தாலுகா அலுவலகத்தைத் தாண்டி எந்தத் தெரு வரைக்கும் போகிறது என்பதையும் அந்தச் சோதனை அதிகாரிதான் நடந்து பார்க்க வேண்டும்.

அல்சூர் வக்கீல்

அதற்குத்தான் அவசரகாலச் செயல்திட்டம் என்று சட்டத்தில் இருக்கிறது. எந்த அளவு தண்ணீர் விட்டால் எந்த ஊர் மூழ்கும், யாருக்கு யார் சொல்ல வேண்டும் என்று ஒவ்வோர் அணைக்கும் எழுதி வைக்க வேண்டும். பழைய கணக்கு ஒன்று: 2016 மார்ச் நிலவரப்படி 4,862 பெரிய அணைகளில் 349-க்குத்தான் அந்தத் திட்டம் இருந்தது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் எழுதினார், அதாவது நூற்றுக்கு ஏழு. சட்டம் வந்த பிறகு இருக்கிற அணைகளுக்கு ஐந்து வருடம் அவகாசம், 2026 டிசம்பர் 30 வரை. அதே கெடுவுக்குள் ஒவ்வோர் அணைக்கும் சுயேச்சையான நிபுணர் குழு ஒன்றின் முழுப் பாதுகாப்பு மதிப்பீடும் முடிந்திருக்க வேண்டும். நீங்கள் எல்லாரும் கேட்கிற வெளிக் கை, முழுசாக இல்லாவிட்டாலும், அந்த ஓர் இடத்தில் சட்டத்திலேயே இருக்கிறது. துறைக்கு வேண்டியவர்களையே நிபுணர் என்று உட்கார வைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

தென்பெண்ணைக்காரன்

போன வருடம் ஓர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு போட்டேன், ஆய்வு அறிக்கையின் நகல் கேட்டு. பாதுகாப்புக் காரணத்தால் தர இயலாது என்று இரண்டு வரியில் பதில். அன்றைக்கு மேல்முறையீடு செய்யத் தெரியவில்லை, விட்டுவிட்டேன். வக்கீல் அக்கா, இந்த முறை கேள்வியை நீங்கள் எழுதித் தந்தால் நான் கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் மூன்றுக்கும் தனித்தனியாகப் போடுகிறேன். டி.பி.டேம் அக்கா துங்கபத்ராவுக்குப் போடட்டும்.

அல்சூர் வக்கீல்

எழுதித் தருகிறேன் தம்பி. அறிக்கை முழுவதையும் கேட்காதீர்கள், மறுக்க வசதியாகப் போய்விடும். கட்டம் கட்டமாகக் கேட்போம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம் பக்கம் வர முடிந்தவர்கள் வாருங்கள், உட்கார்ந்து எழுதிவிடலாம்.

பழைய மதகு

நானும் வருகிறேன், மகளைக் கொண்டுவந்து விடச் சொல்கிறேன். முதல் கேள்வியை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு மதகையும் கடைசியாக எந்தத் தேதியில், எத்தனை அடி உயர்த்திப் பார்த்தீர்கள், அப்போது அருகில் நின்றவர் யார்? நிலை என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு அவர்களிடம் எப்போதும் ஒரு வார்த்தை தயாராக இருக்கும்.